வாய்க்காலின் அந்தப் பாதி

ஆல்ட்மார் ஊரில் ரின்ஸ்கேவின் வாய்க்காலில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். பாராட்டாகச் சொல்கிறார்களா, இவளுக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று சொல்கிறார்களா என்பது ஆளைப் பொறுத்தது. ரின்ஸ்கே பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி, நாற்பது மாடுகளைத் தனியாகக் கட்டி மேய்ப்பவள், அவளுக்குக் கிடைக்கிற பாராட்டே கொஞ்சம். அதில் தரம் பிரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

உண்மையில் அவளுக்குச் சொந்தம் வாய்க்காலில் பாதிதான். ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் இரண்டு பண்ணைகளுக்கு நடுவே வேலி கிடையாது, வாய்க்கால்தான் வேலி. எல்லைக்கோடு தண்ணீரின் நட்டநடுவில் ஓடும். அதைக் கண்ணால் கண்டவர் இல்லை, ஆனால் அது எங்கே ஓடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. அவரவர் பாதியை அவரவர் வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். இலையுதிர்காலக் கடைசியில் நீர் வாரியத்தின் சார்பில் ஊர்க்காரர் மூன்று பேர் கரையோடு நடந்து வந்து பார்ப்பார்கள். அதற்கு வாய்க்கால் பார்வை என்று பெயர். தேறியவன் தலை நிமிர்ந்து நடப்பான். தேறாதவன் வீட்டுக்குப் பொக்லைன் வரும். பொக்லைன் வந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். இப்போது அவ்வளவு இல்லை, கடையில் ரொட்டி வாங்கும்போது இரண்டு பேர் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துப் பாதி டௌவேவுடையது. டௌவேவைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்ல முடியும், சோம்பேறி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று யோசிப்பான். ரின்ஸ்கேவின் வயதுதான் இருக்கும். மனைவி இறந்தபின் பத்து ஆடுகளும் ஒரு நாற்காலியுமாகக் காலம் தள்ளினான். அவன் பாதியில் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை ஒரு செடி அடைத்துக் கிடக்கும். அன்னாசிப் பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி நூற்றுக்கணக்கில். ஓரமெல்லாம் ரம்பப் பல். ஊரில் அதற்கு ரம்பம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ரின்ஸ்கே பிறந்தது வடக்கே களிமண் நாட்டில், அங்கே இந்தச் சனியன் கிடையாது. கோடுபோட்ட வாய்க்கால், கோடுபோட்ட வயல், கோடுபோட்ட மனிதர்கள்.

அவள் வயிற்றை எரித்தது செடி இல்லை, அதற்கு அப்புறம் நடப்பதுதான். ஒவ்வொரு வருஷமும் பார்வைக்குச் சில வாரம் முன்பு டௌவேவின் பாதி துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். மூன்று பேரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள், தேறிவிட்டது என்பார்கள், போவார்கள். அவன் களை இழுக்கும் வாரியைத் தொட்டதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. மே மாதம் வந்தால் மறுபடியும் ரம்பம். இடுப்பு ஒடிய வாரியவளுக்கும் தேறிவிட்டது, நாற்காலியில் கிடந்தவனுக்கும் தேறிவிட்டது. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் நடந்துகொண்டிருக்கலாம், ஆனால் ரின்ஸ்கேவின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் இதுதான் தெரிந்தது.

அந்த ஜன்னலிலிருந்து இன்னொன்றும் தெரியும். டௌவேவின் கரையை ஒட்டி, அந்தக் களைக்கு நடுவில், ஒவ்வொரு மே மாதமும் கருப்பு ஆலாக்கள் வந்து கூடு கட்டும். கரி உடம்பு, சாம்பல் இறக்கை, ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற பறவை. ரின்ஸ்கேவின் புருஷன் ஃபெய்க்கே, பால் கறக்கும் இயந்திரம் விற்க வந்தவளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்ட அந்தக் கோடையில்தான் அவள் முதன்முதலாக அவற்றைக் கவனித்தாள். பறவைகள் போட்ட கூச்சலில் அழுகையை அடிக்கடி நிறுத்தி என்ன சத்தம் என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்து அழுகை நின்றுபோனது. அன்றிலிருந்து அவை அவளுடைய பறவைகள். ஏப்ரல் கடைசியில் வானத்தைப் பார்க்கத் தொடங்குவாள், அவை வந்து சேரும் வரை மாட்டிடம்கூட எரிந்து விழுவாள். அவள் அவற்றை நேசித்தாள், வேறு சொல் தேடவேண்டியதில்லை. தன் பாதியில் மரப்பலகை மிதவைகள்கூட இரண்டு கட்டி விட்டிருந்தாள். வாத்துகள் ஏறி எச்சமிட்டன, ஆலாக்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பாவம், சுத்தமான இடம் எது என்று பறவைக்கு எப்படித் தெரியும், அந்தக் குப்பைக்குள் போய் முட்டை இடுகின்றனவே என்று அவள் உருகுவாள். அந்தப் பாதியும் சுத்தமானால் அவை எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைப்பாள்.

அந்த வருஷம் இரண்டு காரியம் நடந்தது. தீவனக் கடையில் நீர் வாரியம் ஒரு போஸ்டர் ஒட்டியது. வெளிநாட்டுச் செடிகள் நம் வாய்க்கால்களை அடைக்கின்றன, கண்டால் சொல்லுங்கள் என்று எழுதி, கீழே பச்சைப் பசேலென்று ஐந்தாறு படம். ரின்ஸ்கே போஸ்டரின் முன் நின்றாள், டௌவேவின் பாதி கண்முன் வந்தது. இரண்டாவதாக, பார்வைக்குழுவில் ஒருவர் முட்டிவலி என்று விலக, அந்த இடத்துக்கு ரின்ஸ்கேவையே போட்டார்கள்.

குழுத் தலைவர் கோஸே அறுபது கடந்தவர், ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று கணக்கு வைத்திருப்பவர்போல் பேசுவார். இன்னொருவர் ஊர்த் தபால்காரர் யூர்யன். நவம்பரில் ஒரு சாம்பல் நிறக் காலையில் மூன்று பேரும் கரையோடு நடந்தார்கள். கோஸே கையில் ஆழம் பார்க்கும் கோல், யூர்யன் கையில் சூடான காப்பிக் குடுவை. ரின்ஸ்கே தோளில் நீளக்கம்பு வாரி. பார்வைக்கு யாரும் வாரி எடுத்து வருவதில்லை. கோஸே அதை ஒரு பார்வை பார்த்தார்.

டௌவே தன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வாங்க வாங்க. மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி வர்றீங்க," என்றான்.

வாய்க்கால் துடைத்துக் கிடந்தது. கோஸே எட்டிப் பார்த்தார். "தேறிடுச்சு," என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ரின்ஸ்கே.

"என்ன ரின்ஸ்கே, தண்ணியைக் குடிச்சுப் பார்க்கப் போறியா?" என்றான் டௌவே.

"மேலாப்புல பார்த்துட்டுப் போறதுக்கு நாம எதுக்கு? அடியில பார்க்கணும்."

"கண்ணுக்குத் தெரியறதைத்தான் பார்க்கறது," என்றார் கோஸே. அன்றைய ஒதுக்கீட்டில் பாதி அதிலேயே போய்விட்டது.

"சட்டத்துல அப்படி எங்க இருக்கு? தண்ணி ஓடணும்னுதான் இருக்கு." சொல்லிக்கொண்டே அவள் வாரியை வீசினாள். அடிவரை இறக்கி இழுத்தாள். வாரி கனத்தது. இழுக்க இழுக்கச் சேற்றோடு மேலே வந்தது சாட்சாத் அதே ரம்பம், ஒன்றல்ல, ஏழெட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு. குளிருக்குப் பயந்து போர்வைக்குள் போனவர்களை இழுத்துப்போட்ட மாதிரி கரையில் கிடந்தன.

யூர்யன் காப்பிக் குடுவையைக் கீழே வைத்தார். டௌவே நாற்காலியிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். அவனைப் பொறுத்தவரை அது எழுந்து நிற்பதற்குச் சமம்.

"ஓகோ. அப்ப அதெல்லாம் கீழதான் போகுதா?" என்றான். அவன் குரலில் இருந்தது உண்மையான ஆச்சரியம். "நான் ஏதோ செத்துப்போய் அழுகிடுதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இத்தனை வருஷத்து ரகசியம் இவ்வளவுதான். அவன் ஏமாற்றவில்லை, ஒளிக்கவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. செடி தானே குளிர்காலத்துக்கு மூழ்கியது, தானே மே மாதம் எழுந்தது, பார்வைக்காரர்கள் நடுவில் வந்து போனார்கள். சோம்பேறிக்கென்றே ஆண்டவன் படைத்த செடி. ரின்ஸ்கேவுக்கு அது தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

செடியை வாரியிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கியது வெறுங்கையால். முன்கை இரண்டிலும் சரசரவென்று கோடு விழுந்தது.

"இது வெளிநாட்டுச் செடி. போஸ்டர்லயே இருக்கு. தேறலை."

கோஸே தொப்பியை ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்தினார். "யோசிச்சுச் சொல்லு. கரையில சத்தமாச் சொன்ன தீர்ப்பு. சொன்னாச் சொன்னதுதான்."

"தேறலை," என்றாள் இன்னும் சத்தமாக.

"சரி. ரெண்டு வாரம். அடிவரை சுத்தம் பண்ணணும்," என்றார் கோஸே டௌவேவிடம்.

"நான் எங்க பண்றது, எனக்கு முதுகுவலி. சியூர்ட்டோட பொக்லைனை வரச்சொல்லிடறேன்," என்றான் டௌவே. அவனிடம் வருத்தமே இல்லை. அதுதான் ரின்ஸ்கேவுக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

ஒரு செடியை மட்டும் வாளியில் போட்டு அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள், வாரியத்திலிருந்து ஆள் வந்தால் காட்டுவதற்கு. முறைப்படி தகவலும் கொடுத்தாள். ஆள் வர பத்து நாளாயிற்று.

வந்தவள் ஃபெம்கே, முப்பது வயது இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நீர் வாரியத்தில் செடிகொடி பார்க்கிற வேலை. பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்ததில் ரின்ஸ்கேவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. காப்பி கொடுத்தாள், வழக்கப்படி பிஸ்கட் ஒன்று கொடுத்தாள், டப்பாவை மூடினாள். பிறகு வாளியை மேஜைமேல் தூக்கி வைத்தாள்.

ஃபெம்கே உள்ளே பார்த்தாள். பிஸ்கட் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது.

"இதை எங்கேர்ந்தும்மா பிடிச்சீங்க?"

"எதிர்ப்பக்கம். போஸ்டர்ல மூணாவது படம். நானே கண்டுபிடிச்சேன்."

"மூணாவது படத்துல இலை வட்டமா இருக்கும்மா, அப்பளம் மாதிரி. இது ரம்பம் மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஒத்துமை பச்சை. அப்படிப் பார்த்தா உங்க ஸ்வெட்டரும் வெளிநாட்டுச் செடிதான்."

ரின்ஸ்கே தன் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டாள். "அப்ப இது என்ன?"

"நண்டுக்கொடுக்கு. பூ வர்றப்ப பூவைச் சுத்தி ரெண்டு மடல் இருக்கும், அசல் நண்டுக் கொடுக்கு மாதிரி. நீங்களும் நானும் இந்த ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி வந்த ஆளு இது. வெளியூர்க்காரின்னா இங்க நீங்கதான், களிமண்ணுலேர்ந்து வந்தவங்கன்னு பேச்சுலேயே தெரியுது."

ஃபெம்கே செடியைத் தூக்கினாள். விரல் வெட்டுப்படாமல் அடியில் எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பக்க இலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. ஊசியால கிழிச்ச மாதிரி வரிசையா சின்னச்சின்னக் கீறல் தெரியுதா?"

"தெரியுது. என் கையிலயும் இருக்கு."

"உங்க கையில முட்டை இல்லையே. இதுல இருக்கு. ஒரு பச்சைத் தட்டாரப்பூச்சி இருக்கும்மா, அது இந்த இலையைக் கிழிச்சுத்தான் முட்டை வைக்கும். வேற இலை காட்டினா ஏறெடுத்துப் பார்க்காது. முட்டை குளிர்காலம் பூரா இலைக்குள்ளயே தண்ணிக்கு அடியில தூங்கும். நீங்க பத்து நாளா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியை வாளியில வச்சிருக்கீங்க."

ரின்ஸ்கே சட்டென்று வாளியை அடுப்புச் சூடு படாத மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"மீன்குஞ்செல்லாம் இதுக்குள்ளதான் ஒளியும், பெரிய மீன் வந்தா ரம்பத்துல அறுபட்டுத் திரும்பிடும். பாசி மண்டாம தண்ணியும் தெளிவா இருக்கும். முந்தி எல்லா வாய்க்கால்லயும் இருந்துச்சு. வாரி வாரியே தீர்த்துட்டாங்க." ஃபெம்கே கடைசியாகப் பிஸ்கட்டைக் கடித்தாள். "கருப்பு ஆலா வருமே இங்க? வராம இருக்காதே."

"வரும்." ரின்ஸ்கேவின் குரல் சிறுத்துவிட்டது.

"இது இருக்கறதாலதான் வரும். கூடு கட்ட இதோட மெத்தை, குஞ்சுக்கு ஊட்ட இதோட தட்டாரப்பூச்சி, நரி கிரி நீந்தி வந்தா இதோட முள்ளு. சாப்பாடு, வீடு, காவல் எல்லாம் ஒரே இடம். இதை எடுத்துட்டா அது ஏன் வரப்போகுது? உங்க மூஞ்சியைப் பார்க்கவா?"

வேடிக்கையாகச் சொன்னாள். ரின்ஸ்கே நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு வருஷமாக அந்தக் குப்பையிலும் பறவைகள் சமாளிக்கின்றனவே என்று உருகியிருக்கிறாள். தன் பாதியை அடிவரை வாரி, வாரி, சுத்தமாக வைத்துக்கொண்டு, வாங்களேன் என்று பலகை கட்டி அழைத்திருக்கிறாள். இப்போது மிச்சம் இருந்த பாதிக்கும் தன் வாயாலேயே பொக்லைனை வரவழைத்திருக்கிறாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அவளுக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. மே மாதம் ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லாமல் போனால் என்ன செய்வாள்?

"தீர்ப்பை மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"வாரியம் தலையிடாது, அது ஊர்க்குழு விவகாரம். சொன்னவங்களே திருப்பி எடுத்துக்கலாம், சத்தமா, குழு முன்னாடி, சம்பந்தப்பட்டவர் முன்னாடி. யாரு சொன்னது?"

ரின்ஸ்கே டப்பாவைத் திறந்து அவளுக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்தாள். ஃபெம்கேவுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, டௌவேவின் பிறந்தநாள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் போயாக வேண்டும், சண்டைக்காரியாக இருந்தாலும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்து, ஆரஞ்சு கேக் தின்று, டௌவேவுக்கு மட்டுமின்றி அவன் தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும் வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். ரின்ஸ்கே அந்த வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. வருஷா வருஷம் வாசலிலேயே கைகுலுக்கிவிட்டு, மாடு கன்று போடுகிறது என்று ஓடிவிடுவாள். டௌவேவின் பிறந்தநாளில் அவளுடைய மாடுகள் தவறாமல் கன்று போட்டன. இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

கைகுலுக்க நீட்டியபோது சட்டைக்கை மேலே ஏறியது. பத்து நாள் ஆகியும் கோடுகள் ஆறவில்லை.

"கையில என்ன ரின்ஸ்கே?" என்றாள் டௌவேவின் தங்கை ஔக்யே.

"பூனை."

"உங்க வீட்டுல பூனை கிடையாதே."

"தெருப்பூனை."

"ரம்பப் பூனை போல," என்றார் யூர்யன் கேக்கை விழுங்காமலே. வட்டம் முழுவதும் சிரித்தது. அந்தக் கீறலை அந்த ஊரில் சின்ன வயதில் வாங்காதவர் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ரின்ஸ்கே எழுந்து நின்றாள். பிறந்தநாள் வட்டத்தில் எழுந்து நிற்பது வீட்டுக்குப் போவதற்கு மட்டுமே. யாரோ கோட்டை எடுத்துக் கொடுக்கப் போனார்கள்.

"நான் போகலை. கோஸே, நீங்க கேளுங்க. டௌவே, நீயும் கேளு. அன்னைக்குக் கரையில தேறலைன்னு சொன்னது தப்பு. அது வெளிநாட்டுச் செடி இல்லை. நண்டுக்கொடுக்கு. அதை எடுத்தா ஆலா வராது. தப்பு என் பேர்ல. தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்கறேன்."

கோஸே காப்பியை ஒரு மிடறு குடித்தார். "இன்னும் கொஞ்சம் சத்தமா."

"தப்பு என் பேர்ல," என்றாள் கத்தாத குறையாக.

"கேட்டுச்சு," என்றார் கோஸே. "நண்டுக்கொடுக்கு. ஆமா, அதான் பேரு. எங்கப்பா வாரி வயலுக்கு உரமாப் போடுவார்."

"தெரிஞ்சும் அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"நீ கேட்கலையே."

ரின்ஸ்கேவுக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. டௌவே கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கேலி செய்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான். அவன் செய்யவில்லை.

"ரின்ஸ்கே," என்றான் மெதுவாக. "சியூர்ட் திங்கக்கிழமைதான் வர்றதாச் சொல்லியிருந்தான். இந்தப் பய இன்னைக்குச் சாயங்காலமே, நீ பால் கறக்கற நேரத்துல வந்துட்டான். வேற வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சாம். பாலத்துலேர்ந்து ஆட்டுப்பட்டிப் படல் வரைக்கும் வாரிட்டான். மிச்சம் இருக்கு. ஆனா கூடு இருக்கற இடம் அதான்."

அவள் கோட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

பாலத்தருகே டௌவேவின் கரையில் செடிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன, சேறும் வேருமாக. வரும்போது இருட்டில் அவள் கவனிக்கவில்லை, இப்போதும் அந்த இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து ஃபெம்கேவைப் போனில் கூப்பிட்டாள். ஈரம் இருக்கிறவரை உயிர் இருக்கும் என்றாள் ஃபெம்கே, தண்ணீருக்குள் போட்டால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வெளியே கிடந்து உறைந்தால் செடியும் போச்சு, முட்டையும் போச்சு. வானிலைச் செய்தியில் ஞாயிறு இரவு கடும் உறைபனி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். ரின்ஸ்கே பால் கறப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அன்றைக்குச் செய்தவள் இல்லை. கொடியில் துணி காயப்போட்டவர்களைக்கூடக் கண்ணாலேயே தண்டித்தவள். விடிந்ததும் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டௌவேவின் பாதியில் திரும்பப் போடத்தான் வந்திருந்தாள். போடவும் செய்தாள். ஆனால் பொக்லைன் அந்த இடத்தைக் கலக்கிக் கரைத்து வைத்திருந்தது, அத்தனை செடியும் அங்கே கொள்ளாது. மிச்சத்தை என்ன செய்வது என்று நிமிர்ந்தவளுக்கு எதிரே தெரிந்தது அவளுடைய பாதி, தெளிவாக, காலியாக. அதை வாரி எடுத்த வருஷங்கள் எல்லாம் முதுகில் வலித்தன. வண்டியை நிரப்பிப் பாலத்தைத் தாண்டித் தள்ளினாள்.

தேவாலயம் விட்டு ஜனங்கள் வரும் நேரம். பாலத்தில் ஒவ்வொருவராக நின்றார்கள். ஊரிலேயே சுத்தமான வாய்க்காலுக்குள், ஊரிலேயே சுத்தமான பெண், ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் களையைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ரின்ஸ்கே, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார் பாஸ்டர்.

"பள்ளத்துல விழுந்த மாட்டை ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு பைபிள்லயே இருக்குல்ல, பாஸ்டர்?"

"தூக்கலாம். ஆனா நீ தூக்கலையே, உள்ள போடறியே."

"இந்த மாட்டுக்கு உள்ளதான் தொழுவம்."

பாஸ்டர் யோசித்தார். மனைவி கையைப் பிடித்து இழுக்க நடந்துவிட்டார்.

டௌவே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்து ஒரு கை கொடேன்," என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதுங்கறதுல நான் ரொம்பக் கண்டிப்பு. மத்த கிழமையிலயும்தான்."

அவள் குவியலுக்குத் திரும்பினாள். மூச்சு வாங்கியது. அடுத்த வண்டி பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட்டது, தள்ள முடியவில்லை. குவியல் இன்னும் பாதி இருந்தது, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைக் குளிர் என்று சொல்லிக்கொண்டாள். அப்போது வண்டி தானாக நகர்ந்தது. பின்னால் டௌவே தள்ளிக்கொண்டிருந்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு. அதற்கப்புறம் கடைசி வண்டிவரை அவன்தான் தள்ளினான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு முனகல் போட்டான், அதை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை. தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய கண்ணாடிபோல் பனி பிடிக்கத் தொடங்கியபோது குவியல் இருந்த இடத்தில் ஈரமண் மட்டும் இருந்தது.

குளிர்காலம் முழுவதும் வாய்க்கால் வாயைத் திறக்கவில்லை. செடி பிழைத்ததா அழுகியதா என்று கேட்டால் ஃபெம்கே, மே மாதம் கேளுங்கள் என்றாள். ஏப்ரல் போயிற்று. ரின்ஸ்கே மாட்டிடம் எரிந்து விழுந்தாள், பால் வண்டிக்காரனிடம் எரிந்து விழுந்தாள். மே மாதத்தில் ஒரு காலை, தண்ணீரிலிருந்து பச்சை நுனிகள் எட்டிப் பார்த்தன. இரண்டு பாதியிலும் பார்த்தன. எல்லைக்கோடு எங்கே என்று செடிக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வானம் காலியாகவே இருந்தது. வாரியது கூடு இருந்த இடம் அல்லவா, வந்து பார்த்துவிட்டு அப்படியே போயிருக்குமோ என்று அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் அடுப்பில் பால் இருக்கும்போது அந்தக் கூச்சல் கேட்டது. பால் பொங்கி வழிய விட்டுவிட்டுக் காலுறையோடு வெளியே ஓடினாள். கரி உடம்பும் சாம்பல் இறக்கையுமாக ஐந்தாறு ஆலாக்கள் அவள் தலைக்குமேல் சுற்றின. ரின்ஸ்கே கன்னத்தைத் துடைக்காமல் நின்றாள், இப்போது குளிர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கரையை நெருங்கியபோது ஒன்று நேராக அவள் மண்டையைக் குறிவைத்து இறங்கியது. பின்வாங்கினாள். டௌவேவின் கரையோரம் வழக்கமான இடத்தில் ஒன்றையும் காணவில்லை.

எதிர்க்கரையில் டௌவே நின்றுகொண்டிருந்தான். அவனும் காலுறையோடுதான் ஓடிவந்திருந்தான். ஓடி வந்திருந்தான் என்பதையே அவள் இரண்டாம் முறை பார்த்துத்தான் நம்பினாள்.

"என் பக்கம் பார்க்காதே," என்று கத்தினான். "உன் பக்கம். உன் கரைக்கு அடியில. கூடு கட்டுது."

"எங்க? எனக்குத் தெரியலையே."

"உனக்கு எப்படித் தெரியும், நீ மேல நிக்கற. எட்டிப் பார்த்தா அது எழுந்து போயிடும். நகராதே."

அவள் நகரவில்லை. அவள் கரை உயரம், செங்குத்து. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கரையின் விளிம்பு தெரியும், விளிம்புக்கு அடியில் இருக்கிற எதுவும் தெரியாது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவளுடைய பறவைகள் அவளுடைய பாதிக்கு வந்திருந்தன, அவளால் மட்டும் பார்க்க முடியாத இடத்துக்கு.

"எங்க சமையலறையிலேர்ந்து நல்லாத் தெரியுது," என்றான் டௌவே. கொஞ்சம் நிறுத்தி, "இவ்வளவு நாளா நீதான் பார்த்துக்கிட்டிருந்த, எனக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும்," என்றான். அப்புறம், "காப்பி போட்டிருக்கேன். வீடு சுத்தமா இருக்காது," என்றான்.

வீட்டுக்குள்ளிருந்து பொங்கிய பாலின் தீய்ந்த வாசனை ரின்ஸ்கேவின் மூக்கில் ஏறியது. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள், பைனாகுலரை எடுத்தாள், பிஸ்கட் டப்பாவையும் எடுத்தாள். ஈரக் காலுறையோடே பாலத்தை நோக்கி நடந்தாள்.